கோட்டின் அகலமும் பாடமே

செய்முறை வகுப்பில் ஹைட்ரஜன் குழாயைப் பார்க்கும்போது அலைநீளத்தை மட்டுமே குறிக்கிறோம். சிவப்புக் கோடு 6563 ஆங்ஸ்ட்ராம், நீலப்பச்சைக் கோடு 4861, எழுதினால் மதிப்பெண். கோடு தடித்துத் தெரிந்தால் அது பிழை, பிளவைக் குறுக்க வேண்டும். அகலம் என்றாலே பிழை என்னும் இந்த எண்ணத்தை நான் ஏற்கவில்லை.

நம் குழாயில் வாயுவின் அழுத்தம் குறைவு. அங்கே தெரியும் அகலம் பெரும்பாலும் கருவியினுடையதே. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடர்ந்த பிளாஸ்மாவில் ஒளிவிடும் அணுவைச் சுற்றி அயனிகளும் எலெக்ட்ரான்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. மின்புலம் ஹைட்ரஜன் கோடுகளைப் பிரிக்கும் என்று ஸ்டார்க் 1913-ல் கண்டார். பிளாஸ்மாவிலோ ஓர் அணுவின்மீது ஒரு புலம், அடுத்ததன்மீது வேறொரு புலம். பிரிந்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அகன்ற பட்டையாகின்றன. எலெக்ட்ரான் அடர்த்தி எட்டு மடங்கானால் 4861 கோட்டின் இந்த அகலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். வெப்பத்தால் வரும் டாப்ளர் அகலம் வேறு கணக்கு.

சிரியஸின் துணைவனான வெள்ளைக் குள்ளனில் இதே கோடுகள் சிரியஸில் இருப்பதைவிட மிக அகன்று கிடக்கின்றன. அங்குள்ள நெருக்கத்தை நமக்குச் சொல்வது அந்த அகலம்தானே!

கருவி வாங்கப் பணமில்லை என்பார்கள். கருவி வேண்டாம், அவ்விரு விண்மீன்களின் நிறமாலை வரைபடங்களும் ஓர் அரையடி ஸ்கேலும் தந்தால் போதும், அளந்துவிடுவோம்.