12 + 4 = ?

பி.காம். படித்தவனிடம் 12-ம் 4-ம் எத்தனை என்று கேட்டால் 16 என்றுதான் சொல்வான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் தப்பு!

அப்பா காலமானதும், ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மா எங்களோடு வந்துவிட்டாள். ஒரு டிரங்குப் பெட்டி, பஞ்சாரத்தில் 4 சிறுவிடைக் கோழிகள். கொல்லையில் ஏற்கெனவே என் மனைவியின் 12 கோழிகள். இரண்டு கம்பெனிகளை இணைக்கிற தோரணையில், வந்த அன்றே பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டேன்.

ரெண்டே நிமிஷம்! பன்னிரண்டும் சேர்ந்து நாலையும் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒதுக்கிக் கொத்தியதில், ஒன்றுக்குக் கொண்டையில் ரத்தம்.

"ஏண்டா, காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலியா?" என்றாள் அம்மா, மஞ்சள் தடவிக்கொண்டே.

தரவில்லைதான். யார் யாரைக் கொத்தலாம் என்று கோழிகளுக்குள் ஒரு சீனியாரிட்டி லிஸ்ட் உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பே 1922-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். புதுசாக 4 பேர் வந்தால் லிஸ்ட்டைத் திருத்தியாக வேண்டும். திருத்துவது பேனாவால் அல்ல, மூக்கால்!

அம்மா வழி சொன்னாள். முதல் ரெண்டு வாரம் நடுவில் கம்பி வலை. பார்த்துக்கொள்ளலாம், கொத்த முடியாது. அப்புறம், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். இருட்டினால் அதது தன் கூட்டுக்குப் போய்விடும். சண்டைக்கு நேரம் கம்மி. நாளாக ஆக நேரத்தைக் கூட்டலாம். தீனியும் தண்ணியும் ரெண்டு இடத்தில், தள்ளித் தள்ளி. ஓடி ஒளியச் செடி மறைவும் வேண்டும்.

நாலாவது வாரம், பதினாறும் ஒரே முருங்கை மரத்தடியில் கிளறிக்கொண்டிருந்தன. அந்த நாலு மட்டும் கொஞ்சம் தள்ளி. அது போதுமாம்.

வந்ததிலிருந்து அம்மா சமையலறைப் பக்கமே போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. என் மனைவி கவனித்திருக்கிறாள். நேற்று பின்கட்டில் புதுசாக ஓர் அடுப்பு. பக்கத்தில் காபி ஃபில்டர்.

"எதுக்கு இது?"

"அத்தைக்கு விடிகாலை நாலு மணிக்குக் காபி வேணும். என்கிட்டே கேட்கக் கூச்சப்படறாங்க. தீனி ரெண்டு இடத்துல வைக்கணும்னு அவங்கதானே சொன்னாங்க?"

இன்று காலை எழுந்து பார்த்தால், பின்கட்டில் ரெண்டு டம்ளர் காபி. மாமியாரும் மருமகளும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் காபி? ஏழரை மணிக்கு வந்தது. லிஸ்ட்டில் நான் எத்தனையாவது என்று தெரிந்துவிட்டது, ஸார்!