சைரன் ஒலித்தால் பொறுப்பு தீருமா?

ஆம்புலன்சுக்கு வழிவிடுவது நமது கடமை. ஆனால், ஷிப்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளி மீது அதே வண்டி மோதினால் யார் பொறுப்பு? “அவசரம்” என்ற ஒரே பதிலை நாம் ஏற்க முடியாது.

2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், அவசர வண்டி சிவப்பு விளக்கைத் தாண்ட இடமளிக்கின்றன. உரிய கவனத்துடன் தாண்ட வேண்டும் என்பதே நிபந்தனை.

சர்க்கார் வண்டிக்கும் விலக்கில்லை. ராஜஸ்தானில் சர்க்கார் ஜீப் மோதி ஒருவர் இறந்த வழக்கில், சர்க்காரும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 1962இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

ஓட்டுநரும் தொழிலாளியே. அவர் தலையில் பழியைச் சுமத்திவிட்டு வண்டியின் சொந்தக்காரர் நழுவக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி, தவறை நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்கலாம்.

உரிமையை அறிவோம், கேட்டுப் பெறுவோம்!