வகுப்பறைக்கும் பரிந்துரைக்கும் நடுவே

பங்குச் சந்தைக் கல்வி மட்டுமே நடத்துகிறேன் என்பவர், கடந்த மூன்று மாத விலைகளைக் காட்டி எந்தப் பங்கையும் பெயர் சொல்லிப் பேசலாகாது என்று இந்தியாவின் பங்குச் சந்தை ஒழுங்காற்றுநரான செபி 2025 ஜனவரி 29ஆம் திகதி சுற்றறிக்கை விட்டது. இந்த வரம்பை மீறுவோருடன் பதிவு பெற்ற தரகர்கள் தொடர்பு வைத்திருக்கக் கூடாது. இங்கே இலங்கையிலும் இப்படியொரு விதி வேண்டும் என்று வாசகர் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆய்வு மேசையை விட்டு வகுப்பறைக்கு வந்த நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

விதியின் நோக்கம் நியாயமானது. பாடம் என்ற பெயரில் 'இதை வாங்கு' என்று சொல்பவர்களை நாம் அறிவோம். ஆய்வறிக்கை எழுதிய காலத்தில் அதன் அடியில் வெளிப்படுத்தல் குறிப்பு இட்டோம். வெண்கட்டியைக் கையில் எடுத்ததும் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. ஆசிரியர் தன்னிடமுள்ள பங்குகளை வகுப்பில் அறிவிக்கட்டும்; இலக்கு விலை சொல்லாதிருக்கட்டும்.

ஆனால் பழைய விலையை வைத்து மதிப்பீடு கற்பிக்க முடியாது. சென்னையில் படித்து, 1986 முதல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் அஸ்வத் தாமோதரன், இன்றைய நிறுவனங்களை இன்றைய விலையில் மதிப்பிட்டே பாடம் நடத்துகிறார். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி நமது மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 700 அடிப்படைப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வாரத்தில் ஜனவரி விலையை எழுதிப்போட்டுக் கழிவு வீதத்தை எப்படி விளக்குவது?

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. கொட்டாஞ்சேனையில் ஒரு மாலை வகுப்பு. உயர்தரத்தில் கணக்கீட்டைத் தமிழில் படித்த மாணவி ஒரு வங்கியின் ஆண்டறிக்கையை விரித்தாள். தலைவரின் செய்தி தமிழில் இருந்தது. கடன்களின் பெறுமானக் குறைவு பற்றிய குறிப்பு ஆங்கிலத்தில் மட்டும். "சேர், நட்டம் எழுதியிருக்கிற இடத்தில தமிழ் இல்லையே" என்றாள். அந்த ஒரு பக்கத்தைக் கரும்பலகையில் தமிழாக்கி முடிக்க இரண்டு வகுப்புகள் போயின.

அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழை அரச கரும மொழியாக்கியது 1987இல். பிணையங்கள் சட்டம் புதிதாக எழுதப்பட்டது 2021இல். இத்தனை ஆண்டுகளில் நிதிக்கூற்றுக் குறிப்புகள் ஏன் தமிழுக்கு வரவில்லை? வெள்ளவத்தையில் சேமிப்பைப் பங்கில் போடும் ஓய்வூதியக்காரரின் பணம் எந்த மொழியிலும் செல்லும். அதற்கு என்ன நேர்ந்தது என்ற விளக்கம் மட்டும் அவர் மொழியில் கிடைக்காது. வாசிக்க வழியில்லாதவர்தான் அடுத்தவரின் பரிந்துரையைத் தேடிப் போகிறார். பரிந்துரை வியாபாரத்தை வளர்ப்பது இந்த மௌனம்தான். பொறுப்பிலிருப்போர் இதை உணராதிருப்பது பொறுக்கத்தக்கதல்ல.

ஆகவே நமது நிலைப்பாடு இது: ஆசிரியர் தன் நலன்களை வெளிப்படுத்தும் விதியை வரவேற்கிறோம், விலையை மறைக்கும் விதியை எதிர்க்கிறோம். எந்த விதிக்கும் முன்பாக, பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் நட்டக் குறிப்பைத் தமிழிலும் தரவேண்டும் என்ற விதி வரட்டும். அன்று அந்த மாணவிக்கு என் கரும்பலகை தேவைப்படாது.