ஆச்சியின் பாட்டும் நாங்கள் விட்ட பிழையும்



எங்கள் மாதர் சங்கம் ஓர் இறுவட்டு வெளியிட்ட கதையை இம்முறை சொல்கிறேன். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, அரிவுவெட்டுப் பாட்டு என எட்டுப் பாட்டுகள். விற்று வரும் பணம் சங்கத்தின் சுழற்சிக் கடன் நிதிக்கு.

பொதுநோக்கு மண்டபத்தில் மின்விசிறியை நிறுத்தி, யன்னல்களைச் சாத்தி இரண்டு நாள் பாடினோம். ஊர்த் தம்பி ஒருவர் மைக்கும் மடிக்கணினியும் கொண்டு வந்து பதிவு செய்தார். தாலாட்டைப் பாடியவர் 84 வயது ஆச்சி. 1995 ஒக்டோபர் 30 இரவு, இடம்பெயர்ந்த சனத்தோடு நாவற்குழிப் பாலத்தைக் கடக்கையில், தோளில் கிடந்த பேரனுக்கு அவர் பாடிய பாட்டு அது. இப்போது வெளிநாட்டில் இருக்கும் அந்தப் பேரன், தன் மகளுக்குப் போட்டுக் காட்ட அதைக் கேட்டிருந்தார். ஆச்சி வரிக்கு வரி மூச்சு வாங்கித்தான் பாடினார்.

"மூச்சுச் சத்தத்தை எடுத்துவிடு தம்பி, பாட்டை நல்லாச் சத்தமாக்கிவிடு" என்று சொன்னது நான்தான். பிறகு கணினியில் இடம் போதவில்லை என்று, "பழைய பதிவுகளை அழிக்கட்டோ அக்கா?" என்று அவர் கேட்டபோது "ஓம்" என்றதும் நான்தான்.

எட்டையும் வட்ஸ்அப்பில் கொழும்புக்கு, மாஸ்டரிங் செய்பவருக்கு அனுப்பினோம். மறுநாள் அவர் அழைத்தார். "அம்மா, நான் வேலை செய்வதற்கு இதில் இடமே இல்லையே. சுருக்காத கோப்பு இருக்கிறதா?" என்றார். எங்களிடம் இருக்கவில்லை. ஏழு பாட்டுகளைத் திரும்பப் பாடினோம். எட்டாவதைப் பாட ஆச்சி இல்லை. அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

மாஸ்டரிங் என்றால் என்ன என்று அதன் பிறகுதான் கேட்டறிந்தேன். குரல், உடுக்கு, தாளம் என்று தனித்தனியே பதிந்தவற்றை அளவு பார்த்து ஒன்றாக்குவது மிக்சிங். அப்படி முடிந்த பாட்டுகள் எல்லாவற்றையும் ஒரே சீராக்கி, வெளியிடுவதற்கு ஏற்றதாக்கும் கடைசி வேலைதான் மாஸ்டரிங். தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது விளங்கும். துணியை உடம்பளவுக்கு ஒட்ட வெட்டிக் கொடுத்தால், தைப்பவர் எதை மடித்துத் தைப்பார்?

உங்கள் ஊரிலும் பாட்டுப் பதிந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, சத்தத்துக்கு மேலே இடம் விடுங்கள். பாட்டின் மிக உரத்த இடமும் மைனஸ் 6 டெசிபல் அளவில் நிற்கட்டும். மொத்தப் பாட்டின் மேல் லிமிட்டர் போட்டு நெரிக்க வேண்டாம். அப்படி உரப்பாக்கினாலும் பயனில்லை. யூடியூப் போன்றவை மிக உரத்த பாட்டைத் தாமே குறைத்துத்தான் ஒலிக்கவிடுகின்றன.

இரண்டாவது, எம்பி3 ஆக அனுப்பாதீர்கள். 24 பிட் வேவ் கோப்பாக, பதிந்த அதே அளவில் அனுப்புங்கள். 48,000 ஹேர்ட்ஸில் பதிந்த நான்கு நிமிடப் பாட்டு ஏறத்தாழ 69 மெகாபைட் வரும். 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 4 மெகாபைட்டுக்குள் அடங்கும். அப்படிக் குறைக்கையில் ஒலியின் ஒரு பகுதி எறியப்படுகிறது. மீண்டும் வேவ் ஆக மாற்றினாலும் எறிந்தது திரும்பாது. பென் டிரைவில் போட்டு அனுப்பலாம்.

மூன்றாவது, குரல் தாழ்ந்து உடுக்கு ஓங்கியிருந்தால் மிக்சிங்கிலேயே திருத்துங்கள். மாஸ்டரிங்குக்குப் போவது எல்லாம் கலந்த ஒரே கோப்பு. அதில் குரலை மட்டும் தூக்குவது கடினம். அனுப்பும் முன் ஒரு சின்னக் கைத்தொலைபேசியிலும் போட்டுக் கேளுங்கள். சொல் விளங்காவிட்டால் இன்னும் வேலை இருக்கிறது.

நான்காவது, தொடக்கத்தையும் முடிவையும் ஒட்ட நறுக்காதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு விநாடி விடுங்கள். மூச்சையும் இரைச்சலையும் முழுதாகத் துடைக்க வேண்டாம். குரலும் சேர்ந்து தேயும்.

ஐந்தாவது, கோப்புக்குப் பாட்டின் பெயரையும் வரிசை எண்ணையும் இடுங்கள். பாடியவர் பெயர்களைப் பிழையின்றி எழுதிக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதற்பதிவை இரண்டு இடங்களில் வைத்திருங்கள். இறுவட்டு கைக்கு வந்த பின்பும் அழிக்காதீர்கள்.

ஆச்சியின் பாட்டை அந்த எம்பி3இலிருந்தே அவர் இயன்றவரை சீராக்கித் தந்தார். இறுவட்டில் எட்டாவதாக இருக்கிறது. குரல் சற்றுத் தகரமாய் ஒலிக்கிறது. மூச்சு இல்லை. பேரன் கேட்டுவிட்டு, "ஆச்சி இடையிலே மூச்சு வாங்குவாவே, அது எங்கே அக்கா?" என்று கேட்டார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அக்கா, குரலாவது இருக்குதே" என்றார்.

உங்கள் வீட்டிலும் பாடத் தெரிந்த ஒரு முதியவர் இருப்பார். காலம் தாழ்த்தாமல் பதிந்து வையுங்கள். மூச்சோடு பதியுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.