பளபளப்பைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள்

எஸ்பிரெஸ்ஸோ மெஷின் சந்தையில் 'ரீகண்டிஷன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வாங்கியவர் திருப்பிக் கொடுத்ததைத் தயாரித்த நிறுவனமே பழுது நீக்கி, உத்தரவாதத்தோடு விற்பது ஒன்று. கடையில் சில ஆண்டுகள் உழைத்ததை மெக்கானிக் பிரித்துத் துடைத்து விற்பது இன்னொன்று. பெயர் ஒன்றாகவே இருப்பதால், எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று கேட்டாக வேண்டும்.

பதில் புரிய, உள்ளே நடப்பது கொஞ்சம் தெரிய வேண்டும். பம்ப் தொட்டித் தண்ணீரை உறிஞ்சித் தள்ளுகிறது. பாய்லர் எனப்படும் கொதிகலன் அதைச் சூடாக்குகிறது. 90 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட அந்தச் சுடுநீர், சுமார் 9 பார் அழுத்தத்தில் காபித்தூளுக்குள் புகுகிறது. பார் என்பது அழுத்தத்தின் அலகு. நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார். நம் பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் தானாக இறங்குகிறது. அதில் கெட்டுப்போக அநேகமாக எதுவுமில்லை. இங்கே சூடும் அழுத்தமும் தினமும் வேலை வாங்குகின்றன.

முதலில் தளர்வது ரப்பர். கைப்பிடி மாட்டும் தலைப்பகுதியில் காஸ்கெட் என்ற ரப்பர் வளையம் இருக்கிறது. சூட்டில் அது நாளடைவில் கெட்டிப்பட்டுவிடும். நகத்தால் அழுத்தினால் அமுங்காது. அப்போது கைப்பிடி வழக்கமான இடத்தைத் தாண்டிச் சுழலும், விளிம்பில் தண்ணீர் கசியும். மலிவான பாகம்தான். இதைக்கூட மாற்றாமல் விற்பவர், உள்ளே கை வைத்திருப்பாரா என்பது சந்தேகமே.

கண்ணுக்குத் தெரியாத பழுது சுண்ணாம்புப் படிவு. போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்குமே, அதேதான். சூடேறும்போது தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம், கார்பனேட்டாகப் பிரிந்து பாய்லரிலும் மெல்லிய குழாய்களிலும் ஒட்டிக்கொள்கிறது. படிவு சூட்டை எளிதில் கடத்தாது. குழாயின் வழியையும் அடைக்கும். எனவே கடையில் தூள் போடாமல் வெறும் தண்ணீரை ஓடவிட்டுப் பாருங்கள். தாரை சீராக விழ வேண்டும். ஆறிய நிலையிலிருந்து சூடேறுவதையும் பார்க்க வேண்டும்; நீங்கள் போகும்போதே மெஷின் சூடாக இருந்தால், ஆறவிட்டு மறுபடி போடச் சொல்வதில் தவறில்லை. அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் பின்புறத் தகட்டில் வோல்டேஜையும் படியுங்கள். அங்கே 120, இங்கே 230.

வீட்டுக்கு வந்த பின் படிவைக் கரைக்க எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், போதும். கரைசலில் பாதியை ஓடவிட்டு, சற்று நேரம் நிறுத்தி, மீதியை ஓடவிட வேண்டும். பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீர். பாய்லர் அலுமினியம் என்றால் அதிக நேரம் ஊறவிடக் கூடாது. ஆர்.ஓ. தண்ணீரில் படிவு குறையும், காபி மட்டும் சப்பென்று இருக்கும். நீர்மட்டத்தை உணரும் கம்பி உள்ள மெஷின்களில் இன்னொரு சிக்கல்: தாது மிகக் குறைந்த தண்ணீரில் மின்சாரம் சரியாகக் கடக்காததால், தொட்டி நிறைந்திருந்தும் காலி என்றே மெஷின் நினைத்துக்கொள்ளும்.

நிறுவன உத்தரவாதம் உள்ளதை வாங்கலாம் என்பது என் எண்ணம். கடையில் உழைத்ததை, உள்ளூரில் பாகம் கிடைத்தால் மட்டும். காஸ்கெட்டில் 8 மில்லிமீட்டர் தடிமனும் உண்டு, 8.5-உம் உண்டு; பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.