"இன்னும் ஒரு துண்டு" என்னும் கொடுமை



விருந்தோம்பலைக் குறை கூறி எழுதுவது நம் சமூகத்தில் எளிதன்று. விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஈமானோடு சேர்ந்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் அந்தக் கண்ணியத்தின் பெயரால் நம் பந்திகளில் நடக்கும் ஒன்றைப் பற்றி இனியும் வாய்மூடி இருக்க இயலவில்லை. "போதும்" என்று சொல்பவரின் தட்டில் வலிந்து பரிமாறும் வழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு, மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரைச் சாலை மண்டபம் ஒன்றில் உறவினர் வீட்டு வலீமா. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் குடும்பத்துடன் போயிருந்தோம். என் அக்காவுக்கு உடற்பருமனுக்கான இரைப்பைக் குறைப்பு அறுவை நடந்து அப்போது ஆறு வாரம். குழைய வேகவைத்து மசித்த பருப்பையும் முள் நீக்கிய மீனையும் சிறு டப்பாவில் எடுத்து வந்திருந்தார். பெண்கள் பகுதியில் அந்த டப்பாவைத் திறந்ததுதான் தாமதம், சுற்றி இருந்தவர்கள் விடவில்லை. "கல்யாண வீட்டுக்கு வந்து நோயாளி சாப்பாடா? பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடு, ஒன்றும் ஆகாது" என்று மாமி ஒருவர் ஆட்டிறைச்சித் துண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். மறுத்தால் மனம் வருந்துவாரே என்று அக்கா உண்டார். மூன்றாவது கவளத்தில் அது நெஞ்சுக்குள் சிக்கிக்கொண்டது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் இரவு முழுவதும் மருத்துவமனையில் கிடந்தார். உள்நோக்குக் குழாயை விட்டுத்தான் அந்தத் துண்டை எடுத்தார்கள். மறுநாள் நலம் விசாரிக்க வந்த அதே மாமி, "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்றார். கண் அன்று, மாமி, கை.

இந்த அறுவை என்ன செய்கிறது என்பதை நம்மில் பலர் அறியவில்லை. இரைப்பையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய பை, 100 முதல் 150 மில்லி வரை மட்டுமே கொள்ளும் குறுகிய குழாயாகிறது. தேநீர்க் கடைக் கண்ணாடிக் குவளையை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் இடம். இன்னொரு வகை அறுவையில் குடலையே மாற்றி இணைக்கிறார்கள். அதில் மிஞ்சும் பை இன்னும் சிறியது. முதலில் நீர் ஆகாரம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது, அதன் பின்னரே வழக்கமான உணவு என்று வாரக்கணக்கில் படிப்படியாக ஏற வேண்டும். உண்ணும்போது தண்ணீர் கூடாது. முன்னும் பின்னும் அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதத்தை அந்தச் சிறு குவளைக்குள் அடக்க வேண்டும். ஆகவே முட்டையும் மீனும் முதலில், சோறு கடைசியில். நம் தட்டில் இருப்பதற்கு நேர் எதிரான வரிசை இது.

அவர்களிடம்தான் "இன்னும் ஒரு துண்டு" என்கிறோம்.

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை, விரும்பினால் உண்டார்கள், விருப்பமில்லையெனில் விட்டுவிட்டார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரீயில் இருக்கிறது. உடும்பு இறைச்சி நிகழ்ச்சியையும் நாம் அறிவோம். மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் அது பரிமாறப்பட்டபோது நபி (ஸல்) கையை இழுத்துக்கொண்டார்கள். அது ஹராம் அல்ல, தமக்குப் பழக்கமில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். உடன் அமர்ந்திருந்த காலித் இப்னு வலீத் (ரலி) அதை உண்டார்கள். ஒருவர் உண்டார், ஒருவர் தவிர்த்தார். வீட்டாரின் கண்ணியம் எங்கும் குறையவில்லை. உணவை மறுப்பது உணவளித்தவரை அவமதிப்பது என்ற எண்ணம் சுன்னாவிலிருந்து வந்ததன்று. நம் ஊர்ப் பெருமையிலிருந்து வந்தது.

"தனியாகச் சாப்பிட்டால் பரக்கத் இல்லை" என்று சிலர் மிரட்டுகிறார்கள். சேர்ந்து உண்பதில் பரக்கத் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சூரா அந்நூரின் 61-ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி ஆகியோர்மீது குற்றமில்லை என்று தொடங்கும் அந்த வசனம், சேர்ந்து உண்டாலும் தனித்தனியே உண்டாலும் குற்றமில்லை என்றும் சொல்கிறது. நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த இடத்தை நாம் ஏன் பறிக்கிறோம்?

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்ற திர்மிதீயின் நபிமொழியை ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டுகிறோம். அன்று பகலே பிரியாணி, தால்ச்சா, பிரெட் அல்வா என்று மூன்று பங்கையும் உணவாலேயே நிரப்புகிறோம். அளவோடு உண்ணும் ஒருவர் நம்முள் வந்து அமர்ந்தால் அவரைப் பார்க்க நமக்குச் சங்கடமாக இருக்கிறது. வற்புறுத்தலுக்கு அன்பு மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது ரமலான். அறுவையான முதல் ஆண்டில் நோன்பைத் தள்ளிவைக்கும்படி மருத்துவர்கள் சொல்வது வழக்கம். நாளெல்லாம் சிறு மிடறுகளாகப் பருக வேண்டிய நீரை, மஃரிபுக்கும் ஃபஜ்ருக்கும் இடையில் அந்தக் குழாய்க்குள் இறக்கிவிட முடியாது. நோயாளி பிறகு நோற்றுக்கொள்ளலாம் என்று குர்ஆனே சலுகை தந்திருக்க, பகலில் மருந்து விழுங்கும் பெண்ணிடம் "நோன்பு இல்லையா?" என்று கேட்பது எந்த வகை மார்க்கப் பற்று? இஃப்தாரில் இன்னொரு வலை இருக்கிறது. நோன்புக் கஞ்சி மெல்ல மெல்ல உண்டால் தொல்லை தராது. ரோஸ் மில்க்கும் சர்பத்தும் அப்படியல்ல. மென்மையாக இருப்பதால் அவை தடையின்றி இறங்கிவிடும். குடல் மாற்றிய சிலருக்குச் சற்று நேரத்தில் வியர்வை, படபடப்பு, தலைசுற்றல். இழந்த எடை திரும்பி வரும் வழியும் பெரும்பாலும் இந்த இனிப்பு நீர்கள்தாம்.

இதைச் "சோம்பேறிகளின் குறுக்கு வழி" என்றும், "அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது" என்றும் பேசுவோர் உண்டு. அழகுக்காகச் செய்வோரைப் பற்றி ஆலிம்கள் பேசட்டும். நோய்க்கு மருந்து தேடுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் ஏவல். பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டியவர்களுக்கும், ஆசியர்களாயின் 27.5 முதலும் இதைச் சிகிச்சையாகக் கருதலாம் என்று பன்னாட்டு அறுவை மருத்துவர் அமைப்புகள் 2022-இல் வழிகாட்டின. ஆபத்து இல்லாத வழியும் அன்று. 2024 ஏப்ரலில், நம் மாவட்டத்துப் பம்மலில், இதே சிகிச்சைக்கு வந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டோம். உயிரைப் பணயம் வைத்து மேசையில் படுப்பவரைச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு நா கூச வேண்டும்.

அறுவை செய்துகொண்டவர்களிடமும் ஒரு சொல். கத்தி பசியைக் குறைக்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெருமளவில் உண்டாகும் பகுதியையே வெட்டி எடுக்கிறார்கள். ஆனால் துக்கத்தில், சலிப்பில், தனிமையில் எழுகிற ஆசையை எந்த மருத்துவராலும் வெட்ட முடியாது. அக்கா ஒருநாள் சமையலறையில் அழுதுகொண்டிருந்தார். குடும்பம் முழுவதற்கும் பிரியாணி தம் போட்டுவிட்டு, "இனி எனக்கு இது என்ன?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளாக அவருக்குத் துணையாக இருந்தது அந்த உணவு. அதை இழந்தவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல் நாங்கள் எடையை மட்டுமே விசாரித்துக்கொண்டிருந்தோம். இதை எங்கள் வீட்டின் குற்றமாகவே எழுதுகிறேன்.

வைட்டமின் மாத்திரைகளை ஆயுள் முழுவதும் விடாதீர்கள். பி12, இரும்பு, கால்சியம் இவை குறைந்தால் நரம்பும் எலும்பும் பழுதாகும். ஜெலட்டின் உறை பன்றியினுடையதோ என்ற ஐயத்தில் மாத்திரையையே நிறுத்தியவரை அறிவேன். நிறுத்தாமல், உறையில்லாத மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். சில மாதங்களில் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். அதைப் பந்தியில் பேசுபொருளாக்க வேண்டாம். ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். மாமியார்கள் அதற்குள் "விசேஷம் இல்லையா?" என்று தொடங்கிவிட வேண்டாம்.

வரும் ஷவ்வாலில், இன்ஷா அல்லாஹ், எங்கள் வீட்டில் நிக்காஹ். பந்தியில் பரிமாறுவோருக்கு இப்போதே சொல்லிவிட்டேன்: கேட்டவருக்கு மட்டும் இடுங்கள், கை காட்டியவரைத் தாண்டிச் செல்லுங்கள். ஒரு மேசையில் சிறு கிண்ணங்களில் மசித்த மீனும் அவித்த முட்டையும் இருக்கும். யாருக்கு என்று எழுதி வைக்கப்போவதில்லை. மாமியையும் அழைத்திருக்கிறேன்.