அணையுமுன் கண்ட ஒளி

பெரிய தொலைநோக்கி ஒன்று இருந்துவிட்டால் வானத்து உண்மைகளெல்லாம் தாமே வந்து புலப்படும் என்று பலர் எண்ணுகின்றனர். இஃது அரைகுறை உண்மையே. தோன்றிச் சிறிது பொழுதில் மறையும் ஒளியைக் காண, செய்தி விரைந்து செல்லுதல் வேண்டும். கிடைத்த செய்தியைப் பிறர்க்கு ஒளிக்காது வழங்கும் மனமும் வேண்டும். காமாக் கதிர் வெடிப்பின் வரலாறு இதனை நன்கு காட்டும்.

அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிப்பதற்காக அமெரிக்கர் வேலா என்னும் செயற்கைக்கோள்களை விண்ணில் நிறுத்தியிருந்தனர். 1967-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் அவற்றின் கருவிகளில் காமாக் கதிர்களின் திடீர்ப் பெருக்கு ஒன்று பதிவாயிற்று. அணுகுண்டின் சாயல் அதில் இல்லை. அத்தகைய வெடிப்புகள் பல பதிவான பின்னரே, அவை நிலவுலகினின்றோ ஞாயிற்றினின்றோ வந்தவையல்ல என்று அறிஞர் 1973-இல் வெளியிட்டனர். பின் எங்கிருந்து வந்தன? சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ ஓய்ந்துவிடும் அவ்வெடிப்பின் திசை குத்துமதிப்பாகவே தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் விடை கிடைக்கவில்லை.

வெடிப்பு ஓய்ந்தாலும் அதன் சுவடு உடனே அழிவதில்லை. ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பாயும் பொருள் சுற்றிலுமுள்ள வளிமத்தில் மோதுகின்றது. அம்மோதலால் பின்னொளி பிறக்கின்றது. உலையினின்று எடுத்த இரும்பைப் போல அது மங்கிக்கொண்டே செல்லும். முதல் மணி நேர முடிவில் இருந்த ஒளி, பத்தாம் மணியில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்களவாகக் குறைந்துவிடும். அவ்வளவு தாமதித்து வந்தவர், முன்வந்தவர் பெற்ற ஒளியைப் பெற விரும்பின், அவர்தம் ஆடியின் பரப்பு பத்து மடங்கு பெரிதாக இருத்தல் வேண்டும். காலம் தவறியதற்கு எத்துணைப் பெரிய விலை!

1997-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், இத்தாலியரும் டச்சுக்காரரும் சேர்ந்து அமைத்த பெப்போசாக்ஸ் என்னும் செயற்கைக்கோள் ஒரு வெடிப்பைக் கண்டது. எக்ஸ் கதிர்களைக் கொண்டு அதன் இடத்தை நுட்பமாகக் குறித்தனர். செய்தி ஆம்ஸ்டர்டாம் நகரத்து அறிஞர் யான் வான் பாரடைஸ் குழுவினர்க்கு எட்டிற்று. கானரித் தீவுகளைச் சார்ந்த லா பால்மாவிலுள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி, ஏறத்தாழ 21 மணி நேரத்தில் அவ்விடத்தைப் படமெடுத்தது. மார்ச் 8-ஆம் நாள் மீண்டும் படமெடுத்தனர். முன்னதில் இருந்த ஒளிப்புள்ளி ஒன்று பின்னதில் காணப்படவில்லை. அதுவே முதன்முதல் கண்ட பின்னொளி. அத்தொலைநோக்கியின் ஆடி 4.2 மீட்டர் அகலமுடையது. அதனினும் பெரியவை அந்நாளிலேயே உலகில் இருந்தன.

பெரிய கருவியை நான் பழிப்பதாக எண்ணற்க. அதே ஆண்டு மே மாதம் தோன்றிய மற்றொரு பின்னொளியை ஹவாய்த் தீவிலுள்ள 10 மீட்டர் கெக் தொலைநோக்கி பகுத்தாய்ந்தது. அதனாலன்றோ அவ்வொளி பல நூறு கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்தது என்று தெரிந்தது! ஆயினும், நோக்க வேண்டிய இடத்தைப் பிறர் உரைத்திராவிடில் அப்பேராடியும் பயன்பட்டிராது.

செய்தியை எல்லார்க்கும் அளித்தால் கண்டுபிடித்த புகழ் பிறர்க்குப் போய்விடாதா என்று சிலர் வினவலாம். போகலாம், மறைத்து வைப்பின், ஒளியே போய்விடும். 2008-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள் ஒரு வெடிப்பின் செய்தியைப் பெற்றுப் பல கருவிகள் வானில் ஒரு பகுதியை நோக்கியிருந்தன. அரைமணி நேரத்திற்குள் அருகிலேயே மற்றொன்று வெடித்தது. ஏறத்தாழ 750 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட அதன் ஒளி, சிறிது நேரம் வெறுங்கண்ணுக்கே புலப்படும் அளவிற்கு விளங்கிற்று. சிலி நாட்டில் போலந்து அறிஞர் நிறுவியிருந்த சிறு தானியங்கிப் படக்கருவி, அவ்வெடிப்பைத் தொடக்கமுதலே படம்பிடித்துக் கொண்டிருந்தது.